எல்லாமே டேட் ஃபார்மேட் கோளாறு இல்லை: திரையில் தேதியும் நேரமும் வரும் வழி

மென்பொருள் அலுவலகங்களில் டெஸ்டர்கள் எழுதி வைக்கும் பக் பட்டியலைப் புரட்டினால் இந்த மூன்றும் அநேகமாக எங்காவது இருக்கும். "பிறந்த தேதி ஒரு நாள் குறைவாகக் காட்டுகிறது." "ஆர்டர் போட்ட நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது." "மார்ச் 5 போட்டால் மே 3 என்று வருகிறது." மூன்றுக்கும் மேலே ஒரே தலைப்பு: டேட் ஃபார்மேட் பிரச்சினை. டெவலப்பரும் அந்தத் தலைப்பை நம்பி, தேதியைத் திரையில் காட்டும் வரியைத் திறந்து நோண்ட ஆரம்பிப்பார். ஓரிடத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவார், இன்னோரிடத்தில் ஒரு நாளைக் கூட்டுவார். அவர் மெஷினில் எல்லாம் சரியாகிவிடும். துபாயில் இருக்கும் வாடிக்கையாளருக்குப் புதிதாகக் கெட்டுப்போகும்.

மூன்றில் ஃபார்மேட் பிரச்சினை என்று சொல்லத் தக்கது கடைசி ஒன்றுதான். மற்ற இரண்டும் வேறு இடத்தில் பிறந்து, திரையில் வந்து தலைகாட்டுகிறவை. எது எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. புரோகிராமிங் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், டெஸ்டிங், டிசைன் பக்கம் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கோட் எதுவும் வராது.

## பவுனும் கிராமும்

நகைக்கடையில் ஒரு சங்கிலியைத் தராசில் வைக்கிறார்கள். 24 கிராம். பில்லிலும் கிராம்தான் அடித்து வருகிறது. வீட்டுக்கு வந்ததும் "எத்தனை பவுன்?" என்றுதான் கேள்வி வரும், "மூணு பவுன்" என்பதுதான் பதில். சங்கிலி அதேதான். யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல்லும் விதம் மாறுகிறது. கடைக்காரர் தன் கணக்கை கிராமில் வைத்துக்கொள்கிறார். "ஒன்றேகால் பவுன் சொச்சம்" என்று எழுதி வைத்துவிட்டு, மாதக் கடைசியில் அதைக் கூட்டிப் பார்க்கிற கடைக்காரர் கடை நடத்த மாட்டார்.

தேதிக்கும் இப்படி இரண்டு பக்கம் உண்டு. உள்ளே ஓர் அளவு இருக்கிறது. வெளியே, பார்ப்பவர் யார் என்று தெரிந்த பிறகு, அந்த அளவைச் சொல்லும் ஒரு வாசகம் உருவாகிறது. உள்ளிருக்கும் அளவை வெளியே வாசகமாக்குவதற்குத்தான் ஃபார்மேட் செய்வது என்று பெயர். அது கடைசி வேலை. பார்ப்பவரின் திரைக்கு வந்த பிறகு நடக்க வேண்டியது.

## உள்ளே இருப்பது ஓர் எண்

கணினிக்கு ஆகஸ்ட் தெரியாது, வெள்ளிக்கிழமையும் தெரியாது. ஒரு நேரத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் பெரும்பாலான மென்பொருள்கள் செய்வது இதுதான்: 1970 ஜனவரி 1 நள்ளிரவு தொடங்கி எத்தனை நொடி ஓடியிருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணை வைத்துக்கொள்வது. அதற்கு டைம்ஸ்டாம்ப் என்று பெயர். எந்த ஊர் நள்ளிரவு? யூடிசி நள்ளிரவு. யூடிசி என்பது உலகப் பொது நேரம். ஒவ்வொரு நாடும் தன் கடிகாரம் இதைவிட எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. இந்தியக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது.

ஓர் எண்ணை எடுத்துப் பார்ப்போம். நூறு கோடி, அதாவது 100,00,00,000. இத்தனை நொடி நிறைந்த கணத்தில் சென்னையில் 2001 செப்டம்பர் 9, ஞாயிறு காலை 7 மணி 16 நிமிடம் 40 நொடி. டோக்கியோவில் அதே ஞாயிறு காலை 10:46. நியூயார்க்கில் இன்னும் சனிக்கிழமைதான். செப்டம்பர் 8, இரவு 9:46. எண் ஒன்றே ஒன்று. தேதி இரண்டு, கிழமை இரண்டு. ஆக, டைம்ஸ்டாம்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "அது என்ன தேதி?" என்று கேட்டால் விடை கிடையாது. "எந்த ஊரில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு சின்னத் துப்பு சொல்லி வைக்கிறேன். உங்கள் ஆப்பில் எங்காவது "1970 ஜனவரி 1, காலை 5:30" என்று வந்தால் காலெண்டரில் தப்பில்லை. டேட்டாபேஸில் அந்த இடம் காலியாக இருந்திருக்கிறது. யாரோ அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பூஜ்ஜியமாவது நொடி இந்தியாவில் காலை ஐந்தரை. "1970 ஜனவரி 20" அல்லது 21 வாக்கில் ஒரு தேதி வந்தால் அது வேறு கதை: சர்வர் நொடியில் அனுப்பியதை, மில்லி நொடியில் எண்ணும் ஜாவாஸ்கிரிப்ட் அப்படியே வாங்கிக்கொண்டது. ஐம்பத்தைந்து ஆண்டுக் கணக்கு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி இருபது நாளாகிவிட்டது. இந்த இரண்டு தேதியையும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டால் உங்களுக்கு நிறைய நேரம் மிச்சம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சேமிக்கப்படுவது ஒரு கணம், அது ஓர் எண். அதைத் தேதியாக்க முதலில் ஊர் வேண்டும். ஊர் தெரிந்த பிறகுதான் எப்படி எழுதுவது என்ற கேள்வியே எழுகிறது.

## ஐந்தரையைக் கூட்டினால் போதாதா?

போதாது. இந்தியாவை மட்டும் பார்த்தால் போதும் போலத்தான் தோன்றும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் நமக்குக் கிடையாது. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே நேரம். அதனால் நம் ஊர் டெவலப்பர்கள் பலர் டைம் ஜோன் என்றால் கூட்டவேண்டிய ஓர் எண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் டைம் ஜோன் அல்ல. அதற்கு ஆஃப்செட் என்று பெயர்: யூடிசியிலிருந்து ஒரு கடிகாரம் அந்த நேரத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. டைம் ஜோன் என்பது அந்த ஊரில் எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த ஆஃப்செட் இருந்தது, இனி எப்போது மாறும் என்ற முழு வரலாறு.

டொரோண்டோவில் இருக்கும் குழந்தைகளுக்குச் சென்னையிலிருந்து ஓர் ஆசிரியர் ஆன்லைனில் தமிழ் வகுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை தோறும் டொரோண்டோ நேரம் காலை 9. கோடையில் அது சென்னையில் மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைப்பார்கள். அடுத்த சனிக்கிழமை அவர்களுக்கு அதே காலை 9. ஆசிரியருக்கோ இரவு 7:30. இந்த வகுப்பை ஒரு காலெண்டர் ஆப் "யூடிசி பிற்பகல் 1 மணி, வாராவாரம்" என்று சேமித்து வைத்திருந்தால், நவம்பரில் டொரோண்டோ குழந்தைகளின் திரையில் காலை 8 என்று காட்டும். ஃபார்மேட்டில் ஒரு தப்பும் இல்லை. சேமித்ததில்தான் தப்பு. நடந்து முடிந்ததை டைம்ஸ்டாம்ப்பாக வைக்கலாம். இனி நடக்கப்போவதை, அதுவும் திரும்பத் திரும்ப நடப்பதை, "டொரோண்டோ, காலை 9" என்று ஊர்ப் பெயரோடுதான் வைக்க வேண்டும்.

இந்த ஊர்ப் பெயர்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. இணைய முகவரி எண்களின் ஒதுக்கீட்டைக் கவனிக்கும் ஐயானா என்ற அமைப்பு வெளியிடும் டைம் ஜோன் டேட்டாபேஸ் அது. உங்கள் போன், லேப்டாப், சர்வர் எல்லாவற்றுக்குள்ளும் அதன் ஒரு பிரதி இருக்கிறது. இந்தியாவுக்கு அதில் ஏசியா/கொல்கத்தா, இலங்கைக்கு ஏசியா/கொழும்பு. இன்றைக்கு இரண்டும் ஐந்தரைதானே, எதற்குத் தனித்தனி வரி? 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஆறரைக்கு மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறு. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. 1998இல் கொழும்பில் காலை 10 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் கணிக்கும் ஆப், இந்திய நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அரை மணி நேரம் பிசகும். லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுவது. அதன் விளிம்பில் பிறந்த குழந்தைக்கு அரை மணி என்பது வேறு லக்னம். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கணக்காவது சரியாக இருக்க வேண்டும்.

நமக்கும் இப்படிப் பழைய கணக்குகள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். 1945 அக்டோபரில்தான் பழைய நிலைக்கு வந்தது. அதற்கும் முன்னால், 1906 வரை, இந்த டேட்டாபேஸில் நம் வரியில் இருப்பது மெட்ராஸ் நேரம்: 5 மணி 21 நிமிடம் 10 நொடி. நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்துக் கணக்கு அது. அன்றைய ரயில்கள் அதன்படி ஓடின. இந்திய நேரத்தில் இருக்கும் லேப்டாப்பின் பிரவுசரில் 1900ஆம் ஆண்டுத் தேதி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ஆஃப்செட் 5:21 என்று வரும். யாரும் பிழையென்று பதறவேண்டாம், மதராஸ் இன்னும் உள்ளே டிக்டிக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பசிபிக் தீவான சமோவா 2011 டிசம்பர் 30 என்ற நாளையே வாழவில்லை. தேதிக்கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தாவியதில் 29க்கு அடுத்து 31. இதையெல்லாம் கையால் கூட்டிக் கழிக்க முடியாது என்பதற்குத்தான் சொன்னேன். ஊர்ப் பெயரைக் கொடுங்கள், கணக்கை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும்.

## இப்போதுதான் ஃபார்மேட்

கணம் தெரியும், ஊரும் தெரியும். சென்னையில் 2025 மார்ச் 5, மாலை 3:30 என்பது உறுதி. அதை எப்படி எழுதுவது?

நமக்கு 5/3/2025. அமெரிக்கருக்கு 3/5/2025. ஜப்பானியருக்கு 2025/3/5. மூவரும் சிறு வயதில் பழகிய வழக்கம்; எதுவும் தப்பில்லை. ஒருவருடைய மொழி, நாடு இரண்டையும் சேர்த்து, அவருக்குத் தேதி, எண், பணம் எல்லாம் எப்படி எழுதிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக்கு லோகேல் என்று பெயர். மொழி மட்டும் போதாது. ஆங்கிலம்-இந்தியா என்பதும் ஆங்கிலம்-அமெரிக்கா என்பதும் இரண்டு லோகேல்கள். முதல் பத்தியில் சொன்ன "மார்ச் 5 போட்டால் மே 3" இங்கேதான் பிறக்கிறது. நம் ஊரில் பலருடைய பிரவுசர், வாங்கிய நாளிலிருந்து ஆங்கிலம்-அமெரிக்கா என்றே இருக்கிறது. ஆப் அதை மதித்து மாதத்தை முன்னால் போடுகிறது. பார்ப்பவர் நாளை முன்னால் வைத்து வாசிக்கிறார்.

இதில் மோசமான விஷயம், பல நாள் இது கண்ணில் படாது. 25ஆம் தேதி டெஸ்ட் செய்தால் 3/25 என்று பல்லிளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். 5ஆம் தேதி செய்தால் தெரியாது. நாளும் மாதமும் இரண்டுமே 12க்குள் இருந்து, ஒன்றுக்கொன்று வேறாகவும் இருக்கும் தேதிகள் ஆண்டுக்கு 132. அந்த 132 நாளும் யாரும் சந்தேகப்படாமல் தப்பாக வாசிக்கலாம்.

எக்செல் பழகியவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரிந்திருக்கும். நாள்-மாதம்-ஆண்டு வரிசையில் இருக்கும் ஒரு ஃபைலை, அமெரிக்க வழக்கத்தில் இருக்கும் கணினியில் திறக்கிறார்கள். 05/03/2025 சத்தமில்லாமல் மே 3 ஆகிவிடுகிறது. 25/03/2025ஐ எக்செலால் தேதியாக்க முடியவில்லை, 25ஆவது மாதம் இல்லையே. அதை வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. தேதிகள் இருக்கும் நெடுவரிசையைக் கூர்ந்து பாருங்கள். சில தேதிகள் கட்டத்தின் வலது ஓரம் ஒட்டியும் சில இடது ஓரம் ஒட்டியும் நிற்கும். இடது பக்கம் நிற்பவை எழுத்தாகத் தங்கிப்போனவை. எல்லோரும் அவற்றைத்தான் பிழை என்று திருத்துவார்கள். உண்மையில் அவை சரியாக இருக்கின்றன; அழகாக வலது ஓரம் நிற்பவைதான் தலைகீழாகப் போனவை.

இதற்கு எளிய மருந்து, மாதத்தைப் பெயராக எழுதுவது. "5 மார்ச் 2025" என்று இருந்தால் உலகத்தில் எவரும் மாற்றி வாசிக்க முடியாது. இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும். வெறும் எண்களால் ஆன தேதியைப் பொதுமக்கள் பார்க்கும் திரையில் வைப்பது எனக்குப் பிடிப்பதே இல்லை.

லோகேல் விவரங்களை ஒவ்வொரு கம்பெனியும் தானே தொகுப்பதில்லை. யூனிகோடு அமைப்பு நடத்தும் சிஎல்டிஆர் என்ற பொதுத் தொகுப்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன், பிரவுசர்கள் எல்லாம் அதிலிருந்துதான் எடுக்கின்றன. தமிழுக்கு அதில் மாதப் பெயர்கள், கிழமைகள், ஆக., செப். என்ற சுருக்கங்கள் எல்லாம் உண்டு. நேரத்துக்கு "பிற்பகல் 3:30" என்று பகுதியை முன்னால் வைக்கும் வரிசையும் அதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் பிஎம் பின்னால் வரும். இது தெரியாமல், எண்ணை ஒரு பெட்டியிலும் ஏஎம்-பிஎம்மை இன்னொரு பெட்டியிலும் தனித்தனியாக ஒட்டிய டிசைன், தமிழுக்கு மாற்றியதும் "3:30 பிற்பகல்" என்று நிற்கும். இரண்டெழுத்து பிஎம்முக்கு அளந்து வைத்த பட்டனில் பிற்பகல் அடங்காமல் "பிற்ப..." என்று வெட்டுப்படுவதும் அடிக்கடி பார்ப்பதுதான்.

இரவு பஸ்ஸுக்கு "பிற்பகல் 9:30" என்று காட்டும் ஆப்கள் இருக்கின்றன. இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் எந்த மனிதரும் அப்படிச் சொல்லமாட்டார். அதே சிஎல்டிஆரில் அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்ற பிரிவுகளும் தமிழுக்கு இருக்கின்றன. கேட்டு வாங்கினால் "இரவு 9:30" கிடைக்கும். கேட்பதில்லை.

இன்னொரு இடைச் சுருக்கம்: கணம், ஊர், வழக்கம். ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போனால் ஊரில் கோளாறு. நாளும் மாதமும் இடம் மாறினால் வழக்கத்தில் கோளாறு.

## சின்ன எம், பெரிய எம்

லோகேலை விட்டுவிட்டு, தானே வடிவத்தைக் குறிக்க நினைப்பவர்கள் எழுத்துக்குறிகளால் ஒரு மாதிரி எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு பேட்டர்ன் என்று பெயர். ஜாவா, ஆண்ட்ராய்டு உலகத்தில் ஆங்கிலத்தின் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். இதை மாற்றிப் போட்டால் மாதத்தின் இடத்தில் நிமிடம் வந்து உட்காரும்: 5-47-2025. பைத்தானில் நேர் எதிர். பெரிய எம் நிமிடம், சின்ன எம் மாதம். இரண்டிலும் வேலை செய்பவர்களைப் பார்த்து அனுதாபப்படுவதைத் தவிர வேறு வழியில்லை. ஹெச்சும் அப்படித்தான். ஜாவாவில் பெரியது 24 மணிக் கணக்கு, சின்னது 12 மணிக் கணக்கு. சின்னதைப் போட்டுவிட்டு காலையா மாலையா என்று காட்டும் குறியை விட்டுவிட்டால் திரையில் "3:30" மட்டும் நிற்கும்.

எல்லாவற்றிலும் விஷமானது ஒய். சின்ன ஒய் என்றால் நாம் அறிந்த ஆண்டு. பெரிய ஒய் என்றால் வார ஆண்டு: ஒரு வாரம் இரண்டு ஆண்டுகளில் பாதிப் பாதியாக விழுந்தால், அந்த வாரத்தை எந்த ஆண்டின் கணக்கில் சேர்ப்பது என்று சொல்வது. கணக்காளர்களுக்கும் தொழிற்சாலைத் திட்டங்களுக்கும் அது தேவை. ஆண்டில் பெரும்பாலான நாள் இரண்டும் ஒரே எண்ணைத்தான் தரும், அதனால் யாருக்கும் தெரியாது. டிசம்பர் கடைசி வாரத்தில் வெடிக்கும். 2014 டிசம்பர் 29 திங்கட்கிழமை; அந்த வாரம் 2015இன் முதல் வாரம். அன்று ட்விட்டரின் சர்வர்கள் தேதியை 2015 டிசம்பர் 29 என்று சொல்லத் தொடங்க, ஆண்ட்ராய்டு ஆப் வைத்திருந்த பலர் தானாக லாக் அவுட் ஆனார்கள். ஒரு முழு ஆண்டு பிசகு. பெரிய ஒய்யின் கைவரிசை எப்படி இருக்கும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இது.

## பிறந்தநாள் ஒரு கணம் அல்ல

மிச்சம் இருப்பது "ஒரு நாள் குறைகிறது" என்ற புகார். இதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

சென்னையில் ஒருவர் படிவத்தில் பிறந்த தேதி 1990 ஆகஸ்ட் 15 என்று தேர்ந்தெடுக்கிறார். தேதி தேர்வுப் பெட்டி அதை "ஆகஸ்ட் 15, நள்ளிரவு 00:00, இந்திய நேரம்" என்று ஒரு கணமாக ஆக்கிக்கொள்கிறது. அவர் நேரம் எதுவும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை, பெட்டியே சேர்த்துக்கொண்டது. சர்வருக்கு அனுப்பும்போது அது யூடிசிக்கு மாறுகிறது. ஐந்தரை கழிந்தால் ஆகஸ்ட் 14, மாலை 18:30. சர்வர் பக்கம் இருப்பவருக்கு நேரம் தேவையில்லை, தேதி மட்டும் போதும். அவர் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்: 1990-08-14. நேரத்தோடு உண்மையும் போய்விட்டது. இனி எந்த ஃபார்மேட் வந்தாலும் அந்த 15 திரும்பாது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு விதமும் உண்டு. சர்வர் சரியாக 1990-08-15 என்று வைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இப்படி வரும் வெறும் தேதியை யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். சென்னையில் அது 15ஆம் தேதி காலை 5:30, தேதி பிழைத்துக்கொள்ளும். நியூயார்க்கில் அது 14ஆம் தேதி இரவு 8 மணி. நம் ஊரில் எழுதி, நம் ஊரிலேயே டெஸ்ட் செய்து, அமெரிக்க வாடிக்கையாளருக்கு அனுப்பிய பிறகுதான் தொலைபேசி அடிக்கும்.

பிறந்த தேதி, விடுமுறை நாள், பாஸ்போர்ட் காலாவதித் தேதி இவையெல்லாம் காலெண்டரில் ஒரு கட்டம். உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு கணம் அல்ல. அவற்றுக்கு ஊரும் கிடையாது, ஆஃப்செட்டும் கிடையாது. டேட்டாபேஸில் நேரத்தோடு சேர்ந்த வகை ஒன்று, தேதிக்கு மட்டுமான வகை ஒன்று என்று தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான். தேதியைத் தேதியாகவே வாங்கி, தேதியாகவே அனுப்பினால் இந்தப் புகார் பிறக்கவே இடமில்லை.

மேலே 1990-08-15 என்று எழுதினேனே, அந்த வரிசை ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம், 1988இல் வந்தது. பெரியதிலிருந்து சின்னது, பூஜ்ஜியம் விடாமல். இதில் ஒரு வசதி, வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் கால வரிசை தானாக வந்துவிடும். கணினியும் கணினியும் பேசிக்கொள்ள இதுதான் சரி. பயனர் பார்க்கும் திரையில் இதை அப்படியே கொண்டு வந்து வைப்பது சோம்பேறித்தனம்.

## நள்ளிரவு பன்னிரண்டு

மென்பொருள் எல்லாம் சரியாக இருந்தும் மனிதர் தடுக்கி விழும் இடம் இது. நம் ரயில் டிக்கெட்டில் 24 மணிக் கணக்கு. "15ஆம் தேதி, 00:15" என்று போட்டிருந்தால் 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனுக்குப் போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் மனதில் ஒரு நாள் என்பது தூங்கி எழும் வரை. பஞ்சாங்கத்திலும் சூரிய உதயத்தில்தான் கிழமை மாறுகிறது. நள்ளிரவில் தேதி மாறுவது கடிகாரத்துக்கு மட்டும்தான் இயல்பு.

12 மணிக் கணக்குக்குப் போனாலும் தப்பிக்க முடியாது. 12 ஏஎம் நள்ளிரவா நண்பகலா என்று ஒரு நொடி யோசிக்காதவர் குறைவு. இங்கே நல்ல ஃபார்மேட் என்றால் கூடுதலாக ஒரு வார்த்தை எழுதுவதுதான்: "15 வெள்ளி 00:15 (வியாழன் இரவு)". கட்டணம் கட்டக் கடைசி நேரம் என்றால் "இரவு 12" என்று போடாமல் "14ஆம் தேதி இரவு 11:59 வரை" என்று போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

## "நேற்று" என்று எப்போது சொல்லலாம்?

"2 மணி நேரத்திற்கு முன்", "நேற்று" என்று இப்போதிலிருந்து கணக்கிட்டுக் காட்டுவதை ஒப்பீட்டு நேரம் எனலாம். இடைவெளியை 24ஆல் வகுத்தால் நேற்று வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஞாயிறு இரவு 11 மணிக்கு வந்த செய்தியைச் செவ்வாய் காலை 6 மணிக்குப் பார்க்கிறீர்கள். இடைவெளி 31 மணி நேரம், வகுத்தால் ஒன்று, ஆப் "நேற்று" என்கிறது. நேற்று திங்கள் அல்லவா? பார்ப்பவரின் ஊரில் எத்தனை நள்ளிரவு கடந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். இரண்டு கடந்திருக்கிறது, ஆக அது முந்தாநாள்.

அரட்டை ஆப்பில் இந்த வகை சுகமாக இருக்கும். பணம் போன நேரம், புகார் பதிவான நேரம் போன்றவற்றுக்கு ஒத்துவராது. "3 மணி நேரத்திற்கு முன் டெபிட் ஆனது" என்ற ஸ்கிரீன்ஷாட்டை அடுத்த வாரம் யாரிடம் காட்டினாலும் அது எதையும் நிரூபிக்காது.

## திரையில் இருப்பதைத் திரும்ப வாசிக்காதீர்கள்

ஃபார்மேட் செய்த வாசகம் மனிதக் கண்ணுக்கு. புரோகிராம் அதைத் திரும்ப வாங்கிப் பிரித்துக் கணக்குப் போட ஆரம்பித்தால், இத்தனை நேரம் பார்த்த எல்லாக் கோளாறும் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். அந்த வாசகம் நாளைக்கும் இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. 2022இல் வந்த சிஎல்டிஆர் 42ஆம் பதிப்பு இதை நன்றாக உணர்த்தியது. ஆங்கில நேரத்தில் 3:30க்கும் பிஎம்முக்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு, வரி உடையாத, கொஞ்சம் குறுகிய இன்னோர் இடைவெளியை வைத்தார்கள். அச்சுக் கலையின்படி அது நல்ல மாற்றம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் திரையில் வந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட டெஸ்ட்கள் விழுந்தன. அதைப் பிரித்து வாசித்த தளங்கள் தேதி செல்லாது என்றன. கடைசியில் பிரவுசர்களே தங்கள் பக்கத்தில் மறுபடி சாதாரண இடைவெளியை வைக்க வேண்டியிருந்தது.

அதனால் டெஸ்ட் எழுதும்போது வாசகத்தை அப்படியே ஒப்பிடுவதைவிட உள்ளே இருக்கும் கணத்தை ஒப்பிடுவது நல்லது. வாசகத்தைக் கண்ணால் பாருங்கள். லேப்டாப்பின் ஊரை ஒருமுறை லாஸ் ஏஞ்சலிஸ் என்றும் ஒருமுறை காத்மாண்டு என்றும் மாற்றுங்கள். நேபாளம் 5:45இல் இருப்பதால் அரை மணி வரைக்கும் மட்டும் யோசித்து எழுதிய கோட் அங்கே மாட்டும். மொழியைத் தமிழாக்கி, தேதியை டிசம்பர் 29க்கும் மார்ச் 5க்கும் நகர்த்தி, நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்தில் ஆப்பைத் திறந்து பாருங்கள்.